அத்தை சீராக வந்த கார் சீட்

1

எங்கள் மகள் ஆதிரைக்கு இரண்டரை வயதாகிறது. சென்ற வாரம் அவளுடைய தோள் கோட்டைத் தாண்டிவிட்டது. என்ன கோடு என்று கேட்பீர்கள். மெல்பேர்னில் விற்கிற குழந்தைச் சீட்டுகளில் தோள் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். பிள்ளையின் தோள் அதற்கு மேலே போய்விட்டால் அடுத்த சீட்டுக்கு மாற வேண்டும். பிள்ளைக்கு என்ன வயது, சாப்பிடுகிறதா, சண்டித்தனம் பண்ணுகிறதா என்பதெல்லாம் பேச்சில்லை. இந்த நாட்டில் தோள்தான் சட்டம்.

கண்டியில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். ஒரு வேனில் ஊரையே ஏற்றிக்கொண்டு, எந்தப் பிள்ளை யார் மடியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல், கதிர்காமம் வரைக்கும் போய் வந்த வம்சம் நம்முடையது. நானும் அப்படி யார் யாரோ மடியில் வாந்தி எடுத்து வளர்ந்தவன்தான்.

இங்கே பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியிலேயே இந்தச் சீட் விவகாரம் தொடங்கிவிடும். வீட்டுக்குப் புறப்படும்போது தாதி, "கெப்சூல் இருக்கா?" என்று கேட்டார். நான் பொறுப்பாக மனைவியின் மாத்திரைப் பெட்டியை எடுத்து நீட்டினேன். கைக்குழந்தையின் கார் சீட்டுக்கு இந்த ஊரில் அப்படிப் பெயராம். தாதி சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்களோடு காரடி வரைக்கும் வந்து, வார் இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்த பிறகுதான் கையசைத்தார்.

சரி, நேற்றைய கதைக்கு வருகிறேன். அடுத்த சீட் வாங்கக் கடைக்குப் போனோம். இரண்டு சீட்டுகளுக்கு நடுவில் முடிவெடுக்க முடியாமல் நின்றபோது என் மனைவி தர்ஷினி சொன்னாள்.

"மச்சாளை ஒருக்கா கேளுங்கோவன்."

யாழ்ப்பாணத்துக்காரி அவள். கணவனின் அக்காவை மச்சாள் என்பாள். மெல்பேர்னில் சீட் வாங்க, குண்டசாலையில் இருக்கிற என் அக்காவைக் கேட்கச் சொல்கிறாள். இப்படி ஒரு சீட்டால் இந்த இரண்டு பேரும் ஒரு நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததை நான் கண்ணால் பார்த்தவன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

அக்கா பெயர் மல்லிகா. என்னைவிட நன்றாக மூத்தவள். கண்டியில் ஓர் அலுவலகத்தில் கிளார்க் வேலை. குண்டசாலையில் அவள் கணவர், அதாவது என் மச்சானும் அவளும் மட்டும்தான். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவள் பேச மாட்டாள். யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பாள், அடுப்பில் ஒன்றும் இல்லாவிட்டாலும்.

ஆதிரைக்குப் பத்து மாதமானபோது அவளைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனோம். முடி இறக்கத்தான். எங்கள் குடும்பத்தில் முதல் முடி ஹுன்னஸ்கிரியவில், நாங்கள் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் இறக்க வேண்டும். இன்னொரு வழக்கமும் உண்டு. முடி இறக்கப் போகிற பிள்ளை வீட்டு வாசலில் இருந்து கோயில் வாசல் வரைக்கும் அத்தை மடியில்தான் போக வேண்டும். அப்பாவோடு பிறந்தவளுக்கு உள்ள உரிமை அது. என்னையும் என் அத்தை தோட்டத்து லொறியில் அப்படித்தான் கொண்டுபோனாராம்.

ஆதிரைக்கு ஒரே ஒரு அத்தைதான். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அக்கா இந்த ஒரு பயணத்துக்காகக் காத்திருந்தாள் என்று சொன்னால் மிகையில்லை. கிளிப்பச்சையில் புதுச் சேலை எடுத்து வைத்திருந்தாள். கண்டியில் சொல்லிச் செய்த வெள்ளி அரைஞாண் ஒன்றை, குட்டிக் குட்டிச் சலங்கைகளோடு, நாங்கள் போய் இறங்கிய அன்றைக்கே பிள்ளையின் இடுப்பில் பூட்டினாள். ஆதிரை தவழ்கிற இடமெல்லாம் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்கிற பக்கமெல்லாம் அக்காவின் முகம் திரும்பியது.

"வடிவா இருக்கு மச்சாள்" என்றாள் தர்ஷினி.

அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

3

பயணத்துக்கு அக்கா பேசி வைத்திருந்தது பாரூக் நானாவின் வேன். அடுத்த ஒழுங்கையில் இருக்கிறவர்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். வாகனத்தைப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்கிற மனிதர். இரண்டு நாளைக்கு முன்னால் வேனைக் கொண்டுவந்து காட்டினார். தர்ஷினி உள்ளே ஏறி, பின் சீட்டில் கையைவிட்டுத் துழாவினாள்.

"பெல்ட் எங்க அண்ணா?"

"பெல்ட்டா? ஈக்குது தங்கச்சி. சீட் கவருக்கு அடில ஈக்குது."

அவர் சொன்னது உண்மைதான். வேன் வாங்கிய அன்றைக்கே பெல்ட்டுகளை மடித்து உள்ளே தள்ளி, மேலே மெரூன் நிறத்தில் வெல்வெட் உறை தைத்துப் போட்டுவிட்டாராம். பெல்ட் அழுக்காகக் கூடாது என்று. நம் ஊரில் எத்தனை வாகனங்களில் பெல்ட்டுகள் இப்படி வெல்வெட்டுக்கு அடியில் பத்திரமாகத் தூங்குகின்றனவோ தெரியாது.

உறையைக் கழற்றிப் பெல்ட்டை எடுத்துவிடலாம். அது பிரச்சினை இல்லை. நாங்கள் மெல்பேர்னில் இருந்து சுமந்துகொண்டு போன சீட்டுக்குத் தலைமாட்டில் ஒரு வார் உண்டு. அதை வாகனத்தில் பின்னால் இருக்கிற கொக்கியில் மாட்ட வேண்டும். விமான நிலையத்தில் இருந்து வந்த காரில் அது இருந்தது, அந்த வேனில் கொக்கியே இல்லை. விமானத்தில் ஏற்றி இறக்கிக் கொண்டுபோன சீட் ஒன்றுக்கும் உதவாது என்று ஆகிவிட்டது. போதாக்குறைக்கு ஆதிரையும் வளர்ந்து, அதில் காலை மடக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

அக்காவுக்கு இதில் கவலைப்பட என்ன இருக்கிறது என்றே விளங்கவில்லை.

"சீட்டு எதுக்குடா? அதான் என் மடி இருக்குல்ல?"

தர்ஷினி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு அவளே சொன்னாள்.

"மச்சாள், கோவிக்காதேங்கோ. சீட் இல்லாமல் பிள்ளையை நான் வாகனத்தில ஏத்த மாட்டன்."

அவள் பிடிவாதக்காரி இல்லை. மெல்பேர்னில் ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவளுக்கு. விபத்தில் மடியிலிருந்து எறியப்பட்டு வருகிற பிள்ளைகளைப் படம் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் இருந்த நாட்களை நான் அறிவேன். ஆனால் அதை அக்காவிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நல்ல காரியம் பேசுகிற வீட்டில் எப்படிச் சொல்வது?

அக்கா எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள்.

அன்று முழுவதும் வீட்டில் பேச்சு இல்லை. மச்சான் டீவியின் சத்தத்தைக் கூட்டினார். கோயிலுக்கு முச்சக்கர வண்டியில் போகலாமா, பஸ்ஸில் போகலாமா என்று நான் உளறிக்கொண்டிருந்தேன். அவற்றில் மட்டும் என்ன சீட் பூட்டியா வைத்திருக்கிறார்கள்? சாயங்காலம் தர்ஷினி, "மச்சாளின்ட ஆசை எனக்கு விளங்குது. ஆனால் என்னால ஏலாது" என்று அழுதாள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தால் நடுவில் நிற்கிறவனுக்குத்தான் கஷ்டம்.

மறுநாள் காலை தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்த அக்கா, கதிரையை இழுத்துப் போட்டுத் தர்ஷினிக்கு நேரே உட்கார்ந்தாள்.

"இந்த வேனுக்குச் சரியா வர்ற மாதிரி சீட்டு கண்டியில வாங்கலாமா?"

"தேடினால் இருக்கும் மச்சாள்."

"அப்ப நான் வாங்குறேன். அத்தை சீரு. அத்தை சீரா குடுத்த கதிரையில புள்ள உட்கார்ந்தா அது அத்தை மடிதான். மாரியாத்தா ஒண்ணும் குத்தம் சொல்ல மாட்டா. சொன்னா நான் பேசிக்கிறேன்."

அலுவலகத்தில் நான்கு பேர் சண்டை போட்டால் சமாதானம் பண்ணுவதற்கென்றே எனக்குச் சம்பளம் தருகிறார்கள். என் மூளைக்கு இது எட்டவில்லை. வழக்கத்தை விடாமலும் பிள்ளையை விடாமலும் ஒரு தேத்தண்ணீர் ஆறுவதற்குள் வழி கண்டுபிடித்துவிட்டாள். தர்ஷினி எழுந்து அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

4

கண்டி டவுனில் வாகனம் நிறுத்துவது எப்படிப்பட்ட காரியம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆதிரையை வீட்டில் மச்சானிடம் விட்டுவிட்டு வந்திருந்தோம். பாரூக் நானா எங்களைக் கடை வாசலில் இறக்கிவிட்டு, நிறுத்த இடம் கிடைக்காமல் வாவியைச் சுற்றத் தொடங்கினார். ஒவ்வொரு முறை சுற்றி வரும்போதும் நான் ஒரு சீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வேனில் ஏறுவேன். பெல்ட்டை மாட்டிப் பார்த்துக்கொண்டே அடுத்த சுற்றுப் போவோம். திரும்பி வரும்போது அதை இறக்கிவிட்டு அடுத்ததை ஏற்றுவோம். ஒரு கடைக்காரர் நான் சீட்டோடு ஓடிவிடுவேனோ என்று அக்காவைப் பிணை வைத்துக்கொண்டார்.

பிணை இருந்த இடத்தில் அக்கா சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு சீட்டையும் கவிழ்த்துப் போட்டு, அடியில் ஒட்டியிருந்த லேபிளைக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தாள். அலுவலகத்தில் யாராவது அரைகுறையாக நிரப்பின படிவத்தோடு வந்தால் அவள் பார்க்கிற பார்வை அது.

"மெடம், இதுதான் இப்ப எல்லாரும் வாங்குறாங்க. பாட்டும் பாடும்" என்றார் கடைக்காரர்.

"பாட்டு நான் பாடுவேன் தம்பி. நீங்க இது எந்த உசரத்துப் புள்ளைக்குன்னு சொல்லுங்க. இதுல எங்க எழுதியிருக்கு?"

அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. இன்னொன்றில் எழுதியிருந்தது, ஆனால் கொக்கி கேட்டது. மற்றொன்று பெல்ட்டோடு பொருந்தியது, ஆனால் முன்னால் பார்த்து மட்டும்தான் வைக்கலாம். பத்து மாதப் பிள்ளை பின்னால் பார்த்துத்தான் உட்கார வேண்டும் என்று தர்ஷினி விளக்கினாள். சடாரென்று பிரேக் பிடித்தால் கழுத்துக்குப் போகிற பலத்தை முதுகு முழுவதும் வாங்கிக்கொள்ளும் என்றாள். அக்கா தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அடுத்த கடையில் நுழைந்ததுமே, "பின்னால பாக்குற மாதிரி, கொக்கி வேணாம், பெல்ட்டுல இறுக்கணும், லேபிள் இருக்கணும். இல்லன்னா இப்பவே சொல்லிருங்க, வேன் சுத்திக்கிட்டு இருக்கு" என்றாள்.

அந்தக் கடையில்தான் கிடைத்தது. சாம்பல் நிறம், பாட்டுக் கிடையாது. வேனில் மாட்டிப் பார்த்தபோது கொஞ்சமும் அசையவில்லை. பாரூக் நானாவும் இறங்கி வந்து இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்து, "வேன் கழண்டாலும் இது கழலாது தங்கச்சி" என்றார். பின்னால் நின்ற பஸ்காரன் ஹோர்ன் அடித்துத் தள்ளினான்.

காசு கொடுக்க நான் போனபோது அக்கா என் கையைத் தட்டிவிட்டாள். சீர் கொண்டுவருகிறவளிடம் பங்கு கேட்பாயா என்று திட்டும் விழுந்தது.

5

முடி இறக்குகிற நாள் விடிந்தது. சீர் என்றால் தாம்பாளத்தில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் இருந்த பெரிய தாம்பாளத்திலும் சீட் அடங்கவில்லை. அக்கா கொஞ்சம் யோசித்தாள். பிறகு சீட்டில் தாம்பாளத்தை வைத்துவிட்டாள். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலைபாக்கு, பிள்ளைக்குப் பட்டுப் பாவாடை. சீட்டின் நெற்றி மாதிரி இருந்த இடத்தில் தர்ஷினியே சந்தனமும் குங்குமமும் வைத்தாள். வாசலில் அக்கா கிளிப்பச்சைச் சேலையோடு உட்கார்ந்து ஆதிரையை மடியில் வாங்கி, கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டாள். பிறகு சீட்டை வேனில் பூட்டியதும் தன் கையாலேயே அவளை அதில் வைத்தாள்.

மச்சான் முன்னால் ஏறினார். சீட்டுக்கு ஒரு பக்கம் அக்கா, மறு பக்கம் தர்ஷினி. பின் வரிசையில் நான், தேங்காய்களோடு.

திகன தாண்டும் முன்பே ஆதிரை அழத் தொடங்கினாள். சிணுங்கல் இல்லை, வீரிட்ட அழுகை. பால் வேண்டாம், பொம்மை வேண்டாம். அக்கா பாடினாள், அதுவும் வேண்டாம். பிள்ளை முதுகை வில்லாக வளைத்து வாரோடு மல்லுக்கட்டியது. பாரூக் நானா கண்ணாடியில் பார்த்துவிட்டு, "மடில எடுங்க தங்கச்சி, நான் மெல்ல மெல்லப் போறேன்" என்றார்.

"புள்ள மூச்சு முட்டி அழுது. எடுத்துக்க மல்லிகா" என்றார் மச்சான்.

தெல்தெனியவை நெருங்கும்போது, "எடுங்கோ மச்சாள்" என்று தர்ஷினியே சொல்லிவிட்டாள். தோற்றுப்போன குரல். எனக்கும் அந்த நேரத்தில் அழுகை நின்றால் போதும் என்றுதான் இருந்தது. அக்காவின் மடியை இனித் தடுக்க அந்த வேனில் யாருமே இல்லை.

"நானா, நிப்பாட்டுங்க" என்றாள் அக்கா.

வேன் ஒரு மர நிழலில் நின்றது. அக்கா வாரைக் கழற்றி ஆதிரையை மடியில் போட்டாள். அழுகை பாதியாகக் குறைந்தது. சரி, மடிதான் வென்றது என்று நினைத்தேன். ஆனால் அக்கா பிள்ளையைக் கொஞ்சவில்லை. பாவாடையைத் தூக்கி, இடுப்பைச் சுற்றி விரலால் தடவிக்கொண்டே வந்தாள். அடிவயிற்றில் ஓரிடத்தில் விரல் நின்றது. அரைஞாணின் கொக்கியும் இரண்டு சலங்கையும் சரியாக வாரின் பூட்டுக்கு அடியில் மாட்டி, தோலில் சிவப்பாகப் பதிந்திருந்தன.

"ஐயோ என் தங்கமே, இது அத்தை பண்ண வேலடி" என்றாள்.

அரைஞாணைக் கழற்றத் தொடங்கியதும் மச்சான் பதறினார்.

"கோயிலுக்குப் போற வழியிலயா கழட்டுற?"

"பூட்டுனது நான். கழட்டுறதும் நான்தான். கோயில்ல வச்சு மறுபடி பூட்டிக்குவேன். இப்ப புள்ளைக்கு வலிக்குது."

கழற்றித் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். சிவந்த இடத்தை ஊதி ஊதித் தடவினாள். ஆதிரை விக்கலோடு சிரிக்கவே தொடங்கிவிட்டாள். அவ்வளவு ஆசையாகக் காத்திருந்த பிள்ளை, கிளிப்பச்சை மடியில், சிரித்துக்கொண்டு. அப்படியே வைத்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டோம்.

அக்கா அவளைத் தூக்கி மறுபடி சீட்டில் வைத்தாள். பூட்டை மாட்டினாள். வாரை இழுத்தாள்.

"இப்ப சரியா தர்ஷினி? இறுக்கம் போதுமான்னு பாருங்க."

தர்ஷினி பார்க்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். என் அக்கா மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே மரியாதை உண்டு. அன்றைக்கு வந்தது வேறு. எங்கள் குடும்பத்தில் இப்படி ஒருத்தி பிறந்தாளே என்ற பெருமை அது.

அதன் பிறகு ஹுன்னஸ்கிரிய வரைக்கும் அழுகை இல்லை. பிள்ளை பின்னால் பார்த்து இருந்ததால் அக்கா உடம்பைத் திருப்பி அதன் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டாள். வளைவுக்கு வளைவு கதை சொன்னாள். பின்னால் போகிற மலை, பின்னால் போகிற பஸ், பஸ்ஸில் தொங்குகிற மாமா. விக்டோரியா நீர்த்தேக்கம் வந்தபோது நாங்கள் எல்லோரும் வெளியே பார்த்தோம், அக்கா பார்க்கவில்லை. மேலே ஏற ஏற மூடுபனி இறங்கியது. ஆதிரை அக்காவின் விரலைப் பிடித்தபடி தூங்கிப்போனாள்.

கோயில் வாசலில் இறங்கும்போது அக்கா என்னிடம் சொன்னாள்.

"மடியில வச்சிருந்தா வழியெல்லாம் உச்சந்தலையத்தான்டா பாத்திருப்பேன். இப்ப பாரு, முகத்தப் பாத்துக்கிட்டே வந்தேன்."

முடி இறக்கியது அவள் மடியில் வைத்துத்தான். அங்கே தர்ஷினியே பிள்ளையைக் கொண்டுபோய் வைத்தாள். அரைஞாணும் அங்கேயே மறுபடி ஏறியது.

6

இப்போது விளங்கியிருக்கும், மெல்பேர்ன் கடையில் தர்ஷினி ஏன் அக்காவைக் கேட்கச் சொன்னாள் என்று. கடைக்கு நடுவில் நின்று வீடியோவில் அழைத்தேன். ஆதிரை போனைப் பறித்து, "ஹலோ அத்தை, பாய் அத்தை" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு ஓடினாள். அவளைப் பொறுத்தவரை அத்தை போனுக்குள் வசிக்கிறவள்.

இரண்டு சீட்டையும் காட்டினேன். ஒன்று முன்னால் பார்ப்பது. மற்றது உயரமான பிள்ளைகளும் இன்னும் கொஞ்ச நாள் பின்னால் பார்த்தே இருக்கக்கூடியது. அக்கா என்னை இரண்டையும் கவிழ்க்கச் சொன்னாள். லேபிளைக் கிட்டக் காட்டச் சொன்னாள். அவள் தமிழில் அதட்ட, நான் கவிழ்த்துக்கொண்டிருக்க, கடைக்காரப் பெண் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றாள். யாரோ பெரிய நிபுணர் என்று நினைத்திருப்பாள்.

"பின்னால பாக்குறதையே வாங்கு. கழுத்து இன்னும் பிஞ்சுதான்" என்றாள் அக்கா.

"சரிக்கா."

"பக்கத்துல யாருடா உட்காருவா?"

"என்னக்கா?"

"புள்ள பின்னால பாத்துக்கிட்டுப் போகும்ல? முகத்துக்கு நேரா யாரு உட்காருவா?"

காலையில் தர்ஷினி தனியாக ஓட்டிக்கொண்டு போய்ப் பிள்ளையைப் பகல்நேரக் காப்பகத்தில் விடுகிறாள். மாலையில் நான் தனியாகப் போய்க் கூட்டி வருகிறேன். சனி, ஞாயிறில் நாங்கள் இரண்டு பேரும் முன்னால். பிள்ளைக்கு எதிரே ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறோம். அதில் அவளுடைய நெற்றியும் கண்ணும் ஓட்டுகிறவருக்குத் தெரியும்.

"கண்ணாடி இருக்குக்கா" என்றேன்.

அக்கா திரும்பி அடுப்பைப் பார்த்தாள். பிறகு, "சரிடா, நல்லதா பாத்து வாங்கு" என்று வைத்துவிட்டாள்.

வாங்கினோம். கடைக்காரப் பெண்ணே வந்து பூட்டிக் கொடுத்தாள். தர்ஷினி ஓட்டுகிற பக்கம் ஏறினாள். நான் முன் கதவைத் திறந்து, மறுபடி சாத்திவிட்டு, பின்னால் ஏறி மகளின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா, ரோங் சீட்" என்றாள் ஆதிரை.

உடம்பைத் திருப்பி அவள் முகத்துக்கு நேரே என் முகத்தை வைத்தேன். என்னையே பார்த்தாள். பிறகு காப்பகத்தில் யார் கடித்தார்கள், யார் அழுதார்கள், எந்த நாய் வேலிக்கு வெளியே வந்து நிற்கும் என்று பாதித் தமிழிலும் பாதி இங்கிலீஷிலும் சொல்லத் தொடங்கினாள். எதுவுமே எனக்குத் தெரியாத கதைகள். வீடு வந்து சேரும்வரை அவள் நிறுத்தவில்லை.